மற்றவை

காலாண்டு மீளாய்வுக்கு
எக்செல் தாளில் நிறம் தீட்டுகிறவன் நான்.
எண்பதுக்கு மேல் பச்சை,
அறுபதுக்கு மேல் மஞ்சள்,
கீழே போனால் சிவப்பு.
சிவப்பு ஐந்தைத் தொட்டால்
பிரதி ஆணையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
நாலோடு நிறுத்திக்கொள்வேன்.

முறைப்பாட்டுக்குப் பதில் கொடுக்கச் சராசரி ஒன்பது நாள்.
பொய்யில்லை.
கறுவாத்தோட்டத்தில் ஒரு தெருலாம்பு
அணைந்து நாற்பது நிமிடத்தில் எரிந்தது.
மட்டக்குளியில் ஒரு கான்
சித்திரையில் அடைத்து ஆவணியில் திறந்தது.
எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால்
ஒன்பது.
இந்த ஊரில் யாருமே
ஒன்பது நாள் காத்திருந்ததில்லை.

'முடிக்கப்பட்டது' என்ற நிரலுக்குள்
முடித்தவையும் இருக்கின்றன.
போன் எடுக்காதவர்கள், வீடு மாறியவர்கள்,
ஒரே ஆள் திரும்பத் திரும்பச் சொன்னவை.
ஒரு மௌத்தும் உண்டு.

அருள்சீலி பதினொரு தரம் எடுத்தார்;
பதினொன்றையும் ஒன்றாக்கி முடித்துவைத்தோம்.
கிராண்ட்பாஸில், மரமே இல்லாத ஒரு தோட்டம்.
நாற்பத்திரண்டு குடும்பம், நாலு கக்கூசு,
மூன்று கதவு.
"கதவு மட்டும்தான் தம்பி, வேற ஒன்னும் கேக்கல."
நாலாவதுக்குப் படுக்கை விரிப்பு.
ராவில் ஒருத்தி உள்ளே போனால்
இன்னொருத்தி காற்றுக்கு எதிரே
அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

கதவு என்றால் வேலைப் பகுதி.
கக்கூசு என்றால் சுகாதாரம்.
நிலம் ரயில்வேக்குச் சொந்தம்.
பைல் மூன்று மாடி ஏறி இறங்கி
மூச்சு வாங்க என் மேசைக்கே வந்தது.
'மற்றவை'யில் போட்டேன்.
வட்டப்படத்தில் மற்றவை
வெட்டிய நகத்துண்டளவு.
எழுத்து உள்ளே பொருந்தவில்லை.
எழுத்தை எடுத்துவிட்டேன்.

சபையில் பிளேன்டியும் மீன் பணிசும் போனபிறகு
வரும் ஆண்டின் முன்னுரிமைகள் வாசிக்கப்பட்டன.
முதலாவது, நகரை அழகுபடுத்தல்.
இரண்டாவதும் கிட்டத்தட்ட அதுதான்,
வேறு சொற்களில்.
ஒரு ரவுண்டபவுட்டுக்கு நீரூற்று வேண்டுமா
யானைச் சிலை வேண்டுமா என்பதில்
அரைமணித்தியாலம் கரைந்தது.

வாழைத்தோட்டத்தின் புதிய உறுப்பினர் மிஸ்ரியா
எழும்பிக் கேட்டார்:
"இந்தச் சாம்பல் துண்டு என்ன?"

ஆணையாளர் பிரதியைப் பார்த்தார்.
பிரதி என்னைப் பார்த்தார்.
எனக்குப் பின்னால் சுவர்.

"கதவு" என்றேன்.

சிரித்தார்கள்.
மொழிபெயர்ப்பாளர் 'தொர' என்று சிங்களத்தில் சொல்ல,
அரைத்தூக்கத்திலிருந்த ஒரு தமிழ் உறுப்பினர்
தன்னைத்தான் தொரை என்கிறார்களோ என்று
நிமிர்ந்து உட்கார்ந்தார்.
மிஸ்ரியா உட்காரவில்லை.
எத்தனை கதவு என்று கேட்டார்.
ஒன்று என்றேன்.
அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

கூட்டக் குறிப்பில் ஒரு வரி:
'மற்றவை தொடர்பில் விளக்கமளிக்கப்பட்டது.'

அடுத்த காலாண்டுப் படிவத்தில்
ஒரு நிரை கூடியிருக்கிறது.
யார் சேர்த்தது என்று கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது.
கதவுகள்.
இலக்கு ஒன்று. அடைவு பூச்சியம்.
நிறம் தீட்டுகிறேன்.
ஐந்தாவது சிவப்பு.
பிரதி கண்ணாடியைத் துடைக்கட்டும்,
துடைத்தால் நல்லதுதானே.

மார்கழியிலும் விடாமல் பெய்கிறது.
போன் அடிக்கிறது. குரல் தெரியும்.
விரிப்பு நனைந்தால் பாரமாம், கை உளைகிறதாம்.
"பழைய நம்பர் இருக்கு தம்பி, சொல்லட்டா?"
அது முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல?
"வேணாம் அக்கா, புதுசு தாறன், எழுதுங்க."

யாரோ பிள்ளையிடம் பேனை கேட்கிற சத்தம்.
தகரத்தில் மழை.
நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.